கணக்கில் ஏறாத தோல்விகள்

புதிய நானோப் பொருள்களைக் கண்டுபிடிக்கும் தொழில் இனி மனிதனுடையதன்று. எதைச் செய்து பார்க்க வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவு சொல்லும், ரோபோவின் கை அதைச் செய்யும், கருவி அதை அளக்கும், அளந்த முடிவு மறுபடியும் அந்த நுண்ணறிவுக்கே போய்ச் சேரும், இப்படி இரவு பகல் ஓயாமல் சுழலும் யந்திரத்தின் வாசலில் மனிதன் காத்திருந்து விளைவைப் பெற்றுக்கொண்டால் போதும் என்னும் அபிப்பிராயம் இன்று படித்தவர்களிடையே ஏறக்குறைய மறுக்க முடியாத சித்தாந்தமாக வேரூன்றிவிட்டது. கல்லூரி ஆண்டு விழாக்களில் இதைக் கேட்கிறோம். ஞாயிறு மலர்களில் படிக்கிறோம். மாணவர் சேர்க்கைக் காலத்து விளம்பரங்களிலும் இதுவே வேறு வேறு சொற்களில் வருகிறது. இந்த அபிப்பிராயம் பிழையானது என்றும், வெறும் பிழையாக மட்டும் நின்றுவிடாமல் எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்களின் கல்விக்குத் தீங்கு செய்வது என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு உரிய காரணங்களை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கண்டனூர்க்காரன் ஒருவன் இந்த விஷயத்தில் தலையிடுவதற்கு நியாயம் உண்டு. 1948 ஜூலை 25-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு வேண்டிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்ச ரூபாயையும் தந்தவர் எங்களுக்கு அண்டை ஊரான கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் அந்நிலையத்தைத் திறந்துவைத்தார். அன்று முதல் இந்த வட்டாரத்தில் வேதியியல் எங்கோ தூர தேசத்தில் நடக்கும் சாஸ்திரமாக இருந்ததில்லை. பேருந்தில் ஏறினால் போய்ப் பார்த்துவிடக்கூடிய காரியமாக இருந்தது. அப்படிப்பட்ட வட்டாரத்திலேயே, பிளஸ் டூ முடித்த மகள் வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள் என்று யோசனை கேட்க வந்த எங்கள் தெருக்காரர் ஒருவர், “அதெல்லாம் இனிமே மெஷினே பாத்துக்குமாமே அண்ணே, புள்ளைய எதுக்கு அதுல சேக்கணும்?” என்றார். அவர்மீது குற்றமில்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களோடுதான் எனக்கு வழக்கு.

எதிர்த்தரப்பின் பலத்தை மறைத்துக்கொண்டு வாதிடுவது நேர்மையாகாது. ஆகையால் அவர்கள் பெருமையோடு காட்டும் உதாரணங்களில் சிறந்ததையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கூப்பர் என்னும் வேதியியல் அறிஞரின் குழுவினர், சோதனைச்சாலையில் தானே நடமாடிக் குடுவைகளை எடுத்து வைத்து அளந்து கலக்கும் ரோபோ ஒன்றை அமைத்து, அதன் சாதனையை 2020 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். ஒளியின் துணைகொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பெறுவதற்கு உதவும் பாலிமர் வினையூக்கி ஒன்றைச் செம்மைப்படுத்துவது அதற்கு இட்ட பணி. அது எட்டு நாளில் 688 பரிசோதனைகளைச் செய்து, தொடக்கத்தில் இருந்த கலவையைவிட ஆறு மடங்கு சிறப்பாக வேலை செய்யும் கலவையைக் கண்டது. மனிதர் செய்திருந்தால் மாதக்கணக்காகியிருக்கும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும், எந்தப் பாலிமரை வைத்துத் தொடங்குவது, எந்தப் பத்து அம்சங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது, எதை அளந்தால் நன்மை தீமை விளங்கும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடையை மனிதர் முன்னதாகவே நிர்ணயித்துக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் போட்டுக் கொடுத்த வரப்புக்குள் யந்திரம் அதிசாமர்த்தியமாக உழுதது. உழவு சிறப்பாக நடந்தது என்பதிலிருந்து, நிலத்தைத் தேர்ந்தெடுப்பவன் இனி வேண்டியதில்லை என்று முடிவு கட்டுகிறார்களே, அங்கேதான் தர்க்கம் வழுக்குகிறது.

மனிதக் கை மெதுவானது, ஆகையால்தான் புதிய பொருள்கள் தாமதமாக வருகின்றன, கையை விரைவாக்கிவிட்டால் பொருள்கள் தாமே வந்து குவியும் என்பது இவர்களுடைய மூல நம்பிக்கை. சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லவில்லை. நூறாண்டுகளுக்கு முன்பே, 1909-க்கும் 1912-க்கும் இடையில், ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாபனில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். ஆலையில் ஆல்வின் மிட்டாஷ் என்பவர், காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக்குவதற்கு மலிவான வினையூக்கியைத் தேடி, வரிசையாக உலைகளை வைத்து ஆயிரக்கணக்கான பரிசோதனைகளை நடத்தினார். வேகம் அன்றைக்கே இருந்தது. ஆனால் அவருக்கு வெற்றியைத் தந்தது வேகம் மட்டுமன்று. ஸ்வீடன் தேசத்து கல்லிவாரே சுரங்கத்திலிருந்து வந்த ஒரு காந்தக் கல் மாதிரி, தூய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு நன்றாக வேலை செய்ததை அவர் கண்டார். அந்தக் கல்லில் கலந்திருந்த அழுக்குகளே அதற்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று ஊகித்தார். பிறகு தூய இரும்பில் அலுமினாவையும் பொட்டாசியத்தையும் தாமே அளவாகச் சேர்த்துப் பார்த்து அந்த ஊகத்தை மெய்ப்பித்தார். இன்றும் உலகத்தின் யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கும் வினையூக்கி அந்த வழியில் வந்ததுதான். ஆயிரக்கணக்கான தடவை செய்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், ஓர் அழுக்குக் கல்லின் முன்னால் அவர் நின்று யோசித்ததை மறந்துவிடுகிறார்கள்.

இனி, இந்தச் சித்தாந்தத்தின் கோட்டை என்று சொல்லத்தக்க இடத்துக்கு வருவோம். 2023 நவம்பர் 29-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகள் ஒருசேர வெளிவந்தன. ஒன்றில் கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தார், ‘நோம்’ என்னும் தங்கள் செயற்கை நுண்ணறிவு 22 லட்சம் படிக அமைப்புகளைக் கணித்துவிட்டது என்றும், அவற்றுள் ஏறத்தாழ 3,80,000 நிலைத்து நிற்கத்தக்கவை என்றும் அறிவித்தனர். இது 800 ஆண்டுகளின் அறிவுக்குச் சமம் என்றும் உரைத்தனர். மற்றொன்றில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தார், ‘ஏ-லேப்’ என்னும் தங்கள் தன்னியக்கச் சோதனைச்சாலை, மூலப்பொருள்களின் தூளை அளந்து கலந்து உலையில் இட்டுச் சுட்டு, எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துத் தானே ஆராய்ந்து, 17 நாளில் 58 இலக்குகளுள் 41 புதிய சேர்மங்களை உண்டாக்கிவிட்டது என்று அறிவித்தனர். உலகமெங்கும் பத்திரிகைகள் இவற்றைக் கொண்டாடின. நம் ஊர் மேடைகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுபவை இந்த எண்களே.

அதற்குப் பின் நடந்ததை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ராபர்ட் பால்கிரேவும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி ஷூப்பும் தங்கள் தோழர்களோடு அந்த 41 சேர்மங்களின் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2024-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: அவற்றுள் புதிய பொருள் என்று நிச்சயமாகச் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை, மூன்றில் இரண்டு பங்கு, முன்னரே அறியப்பட்ட பொருள்களாகவே இருக்கக்கூடும்.

இவ்வளவு பெரிய பிழை எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு படிகத்தில் இரண்டு உலோகங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் தனக்கென்று வகுத்த இடத்தில் ஒழுங்காக அமர்வதும் உண்டு. ஒரே வகையான இடங்களில் இரண்டும் முறையின்றிக் கலந்து அமர்வதும் உண்டு. கணினியில் கணக்கிடுவதற்கு வசதியானது ஒழுங்கான அமைப்பு; ஆயிரம் டிகிரிச் சூட்டில் உலைக்குள் இயற்கை பல சமயங்களில் தேர்ந்துகொள்வதோ கலந்த அமைப்பு. கலந்த அமைப்பு எப்போதோ ஒருவரால் செய்யப்பட்டுப் பதிவேட்டில் இருக்கிறது. ஒழுங்கான அமைப்பு பதிவேட்டில் இல்லாததால் அது ‘புதியது’ என்று நுண்ணறிவு இலக்கு வைக்கிறது. உலையிலிருந்து வெளிவருவது பழைய கலந்த பொருள். அதைப் பார்த்து ‘இலக்கை அடைந்துவிட்டேன்’ என்று யந்திரம் எழுதிக்கொள்கிறது. இரண்டையும் வேறுபடுத்துவதற்கு வழி இல்லாமலில்லை. உண்மையிலேயே ஒழுங்கான அமைப்பு உண்டாகியிருந்தால், எக்ஸ்-கதிர்ப் படத்தில் உயரமான சிகரங்களுக்கு இடையே சில சிறு சிகரங்கள் தலைதூக்க வேண்டும். ‘எக்ஸ்.ஆர்.டி.’ படத்தைக் கையில் வாங்கினால் முதலில் அடிக்கோட்டின் ஓரத்தைப் பார் என்று தேர்ந்த ஆசிரியர் மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். பெரிய சிகரங்கள் எவருடைய கண்ணிலும் படும், எழ வேண்டிய சிறு சிகரம் எழவில்லை என்பதைக் காண்பதற்கே பயிற்சி வேண்டும். ஏ-லேப் குழுவினரும், தேர்ந்த மனிதர் இதைவிடச் செம்மையாக அப்படங்களை ஆராய முடியும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். யந்திரம் இலக்குகளைத் தானே முயன்று பார்க்க வல்லது என்பதைக் காட்டுவதே தங்கள் நோக்கம் என்று விளக்கினார்கள். அந்த அடக்கமான நோக்கத்தை நான் மதிக்கிறேன். கொண்டாடியவர்கள் அதை மதிக்கவில்லை.

மற்றக் கட்டுரையின் கதியும் ஏறத்தாழ இதுவே. கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவில் பணிபுரியும் ஆண்டனி சீதமும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி.என்.ஆர். ராவிடம் பயின்ற ராம் சேஷாத்ரியும், டீப்மைண்டின் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பார்த்து 2024-இல் தங்கள் தீர்ப்பை எழுதினார்கள். ஆக்டினியம், புரோட்டாக்டினியம், புரோமீதியம் போன்ற, எளிதில் கிடைக்காத கதிரியக்கத் தனிமங்களைக் கொண்ட அமைப்புகள் அதில் ஏராளமாக இடம்பெற்றிருந்தன. புதுமை, நம்பகம், பயன் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த சேர்மங்களுக்கு அங்கே சான்று மிகக் குறைவு என்பது அவர்கள் கண்டது. பொருள் என்பது, ஒரு காரியத்துக்கு உதவுவது. உதவும் என்று நிரூபணமாகும் வரையில் அது பட்டியலில் உள்ள ஒரு சூத்திரம் மட்டுமே.

மேலும் ஒரு விஷயம். இந்த இரண்டு கட்டுரைகளும் பேசுவது பெரும்பாலும் திரட்சியான படிகங்களைப் பற்றியே. நானோப் பொருளுக்கு வந்தால் சங்கடம் பன்மடங்காகிறது. ஏனெனில், ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்காகிய நானோமீட்டர் அளவில், சூத்திரம் ஒன்றாகவே இருக்கத் துகளின் பருமனும் வடிவமும் மேற்பரப்பும் மாறினால் குணமே மாறிவிடுகிறது. தங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1857-இல் பாரடே செந்நிறமான தங்கக் கரைசலைச் செய்து காட்டினார். 1951-இல் டர்கெவிச் வகுத்த எளிய முறையை இன்று எம்.எஸ்ஸி. மாணவர் அனைவரும் செய்கிறார்கள். தங்க உப்பின் இளமஞ்சள் கரைசலைக் கொதிக்க வைத்துச் சோடியம் சிட்ரேட்டை ஊற்றினால், முதலில் நிறம் வெளுக்கிறது, பிறகு மையின் நிழல் படர்ந்தாற்போல் கறுத்து நீலம் பாய்கிறது, சில நிமிஷங்களில் திராட்சை ரசத்தின் சிவப்பு எழுகிறது. குடுவையை இராஜ திராவகத்தில் கழுவாமல் விட்டாலும், வடிநீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் சேர்ந்துவிட்டாலும், கலக்கியின் வேகம் குறைந்தாலும், அந்தச் சிவப்பு ஊதாவாகித் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும். இவற்றுள் எத்தனை, வெளியாகும் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எழுதப்படுகின்றன? ‘சிட்ரேட் சேர்க்கப்பட்டது, செந்நிறக் கரைசல் பெறப்பட்டது’ என்ற ஒரு வரி. யந்திரம் படித்துக் கற்பது அந்த ஒரு வரியைத்தான்.

எங்களுக்கு இன்னும் அருகில் உள்ள உதாரணத்துக்கு வருகிறேன். ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் கண்டனூரோடு சேர்ந்தே நிற்கும் புதுவயல், அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். நெல்லைப் புழுக்குவதற்கான பாய்லரில் உமியே எரிகிறது. எரிந்த உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உமியிலிருந்து நானோ சிலிக்கா எடுப்பது எப்படி என்று எண்ணற்ற கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரு நுண்ணறிவுக்குப் படிக்கக் கொடுத்தால் 600, 700 டிகிரியில் சுடு என்று சொல்லிவிடும். சரிதான். ஆனால் உமியிலுள்ள பொட்டாசியத்தை முதலில் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி நீக்காவிட்டால், அது உருகிக் கரியைத் தன்னுள் பூட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் சுட்டாலும் வெளுக்காத சாம்பலைத் தருகிறது. சூடு அளவுக்கு மீறினாலோ படிகமாக இறுகி, வேதிவினையில் சுறுசுறுப்பை இழந்துவிடுகிறது. பாய்லரிலிருந்து வரும் சாம்பலில் இந்த இரண்டு குறைகளும் ஒருங்கே இருக்கும். எந்த ரக நெல், எந்த மண், எந்தப் போகம், எந்த ஆலை என்பதைப் பொறுத்து அந்தக் குறைகளின் அளவும் மாறும். ஆலை வாசலில் கொட்டிக் கிடக்கும் சாம்பலை விரலிடையே நசுக்கி, இது கரி மிகுந்தது, இது வெந்தது என்று பிரித்துச் சொல்லும் தொழிலாளியின் அறிவு எந்தத் தரவுத் தொகுப்பிலும் இல்லை. இந்த அறிவை முதலில் யாராவது எழுத்தில் கொண்டுவர வேண்டும். அதை எழுதுபவர் உமியையும் வேதியியலையும் ஒருங்கே அறிந்தவராக இருக்க வேண்டும். அத்தகையவர் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்து வேதியியல் படித்தவராகவே பெரும்பாலும் இருப்பார்.

வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. காரைக்குடி நிலையத்தின் பிரதானமான துறைகளுள் ஒன்று உலோக அரிமானம். அதற்கென்று மண்டபம் கடற்கரையில், உப்புக் காற்றின் முன்னால், பூச்சுப் பூசிய உலோகத் தகடுகளைச் சட்டங்களில் மாட்டி, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து அவற்றின் கதியைக் குறித்துவந்தார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்கு அந்த உப்புக் காற்றைத் தாங்கும் தனிப் பூச்சு வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம். நானோத் துகள் கலந்த புதிய பூச்சு ஒன்றை ரோபோ ஒரே பகலில் நூறு வகையாகக் கலந்து கொடுக்கலாம். அந்த நூறும் பத்து ஐப்பசி மழைகளுக்குப் பின் எப்படி இருக்கும் என்பதற்கு, பத்து ஐப்பசிகள் வந்து போவதைத் தவிர முழு நம்பிக்கையான விடை இல்லை. துரிதப்படுத்திய சோதனைகள் உண்டு. உப்புப் புகைப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். அவை ஓர் ஊகத்தைத் தருமேயன்றிக் கடற்கரையின் சாட்சியத்துக்கு ஈடாவதில்லை.

நானோப் பொருள் மக்களுக்கு உதவிய ஓர் உண்மைக் கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பும் அவருடைய மாணவர்களும் குடிநீரைச் சுத்தம் செய்யும் நானோப் பொருள்களை உருவாக்கினார்கள். 2013-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, மின்சாரம் இன்றி, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 டாலர் செலவில் தூய நீரைத் தர முடியும் என்று காட்டியது. வெள்ளி அயனி கிருமிகளைக் கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தங்கு தடையின்றி அது சிறிது சிறிதாக வெளிவந்துகொண்டே இருக்கச் செய்வதுதான் கஷ்டம். ஏனெனில் கிணற்றிலும் ஆழ்துளையிலும் இருந்து வரும் நிஜமான தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் வெள்ளித் துகளின்மேல் படிந்து அதை மூடிவிடுகின்றன. வடிநீரில் பிரமாதமாக வேலை செய்யும் பொருள், ஊர்த் தண்ணீரில் சில நாளில் ஊமையாகிவிடும். அவர்கள் நீரிலேயே, சாதாரண வெப்பத்திலேயே, ஆற்று மணலைப் போன்ற குறுணையாக அந்தப் பொருளைச் செய்து, வெள்ளியை அதனுள் பொதிந்து, இந்தத் தடையைத் தாண்டினார்கள். தடை எது என்று கண்டதே அங்கே பாதி வெற்றி. அதைக் கண்டது, எந்த வீட்டில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று அறிந்த மனம்.

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு, கையே தெய்வம், யந்திரம் வேண்டாம் என்று நான் வாதிடுவதாக யாரேனும் எண்ணினால், அவர்களையும் மறுக்க வேண்டியது என் கடமை. அமெரிக்காவில் ஹாவர்போர்டு என்னும் ஒரு சிறிய கல்லூரியில், நோர்க்விஸ்ட், ஷ்ரையர், ஃபிரீட்லர் போன்ற பேராசிரியர்கள் தங்கள் சோதனைச்சாலையின் பழைய குறிப்பேடுகளை வெளியே எடுத்தார்கள். கட்டுரையாக ஒருபோதும் வெளிவராத, படிகம் விளையாமல் வீணாய்ப் போன பரிசோதனைகள் அவற்றில் மண்டிக் கிடந்தன. வெற்றியும் தோல்வியுமாக ஏறத்தாழ 4,000 பரிசோதனைகளைக் கணினிக்குக் கற்பித்தார்கள். 2016 மே மாதம் ‘நேச்சர்’ வெளியிட்ட முடிவு: புதிய வினைகள் பலிக்குமா என்று சொல்வதில், அனுபவமுள்ள மனிதரின் ஊகம் 78 சதவீதம் பலித்தது, அந்தக் கணினியின் ஊகம் 89 சதவீதம் பலித்தது. அதே கல்லூரியினர் 2019-இல் இன்னும் கடுமையான ஓர் உண்மையை வெளியிட்டார்கள். ஒரு வகைச் சேர்மங்களில், வெளியான பொருள்களில் 79 சதவீதத்துக்கு வேதியியலார் பயன்படுத்தியிருந்தது, அமீன் என்னும் மூலப்பொருள் வகைகளுள் 17 சதவீதத்தை மட்டுமே. முன்னோர் எடுத்த புட்டியையே பின்னோரும் எடுத்திருக்கிறார்கள். தற்போக்காகத் தேர்ந்தெடுத்துச் செய்த 548 பரிசோதனைகளைக் கொண்டு கற்பித்த கணினி, மனிதர் தேர்ந்தெடுத்தவற்றைக் கொண்டு கற்பித்ததைவிடச் சிறப்பாகக் கணித்தது. அனுபவம் பழக்கமாக இறுகிவிட்டால் கண் மங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, இவ்விரு முடிவுகளுக்கும் மூலதனமாக இருந்தது வேகம் அன்று. எழுதி வைத்த தோல்வி.

எங்கள் நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி மேலாளாக உயர்ந்தவர் எவராயினும், வாராக் கடனைப் பேரேட்டில் காட்டாமல் ஐந்தொகை கட்டி ஊருக்கு அனுப்பத் துணியமாட்டார்; வரவை மட்டும் எழுதிய பேரேட்டை வைத்துக்கொண்டு அடுத்த கடனை எந்த முதலாளியும் தீர்மானிக்க முடியாது. இன்று நம் ஆராய்ச்சி இலக்கியம் முழுவதும் வரவை மட்டும் எழுதிய பேரேடு. பலித்ததே கட்டுரையாகிறது, பலிக்காதது குப்பைத் தொட்டிக்குப் போகிறது, அதைச் செய்த மாணவர் வேலை தேடிப் புறப்பட்டுவிட்டால், அவருடைய நினைவும் அவரோடு போய்விடுகிறது. இந்தப் பேரேட்டைப் படித்துத் தேறிய நுண்ணறிவு உலகத்தைச் சலுகையோடு பார்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உலகம் முழுவதும் வெற்றியே என்றுதானே அதற்குச் சொல்லியிருக்கிறோம்.

நாளைக்கு நுண்ணறிவு இன்னும் வளரும், இந்தக் குறைகளெல்லாம் தாமே தீர்ந்துவிடும் என்று விடை வரும். வளரட்டும். வளர்வது, கொடுத்ததைப் படிக்கும் திறன். எழுதப்படாததைப் படிக்கும் திறன் எதற்கும் வருவதற்கில்லை. தவிரவும், இந்த விஷயத்தில் நம்ப ஆசைப்படுகிறவர்கள் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறார்கள் என்பதை அண்மையிலேயே கண்டோம். ஒரு பெரிய நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொடுத்ததும் அவர்கள் 44 சதவீதம் மிகுதியான பொருள்களைக் கண்டுபிடித்தார்கள் என்று, எம்.ஐ.டி.யின் மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை 2024 நவம்பரில் வெளிவந்து, பெரிய அறிஞர்களாலும் பாராட்டப்பட்டது. 2025 மே மாதம் எம்.ஐ.டி. நிர்வாகமே, அக்கட்டுரையின் தரவுகளில் தனக்கு நம்பிக்கையில்லை என்று பகிரங்கமாக அறிவித்து, அதை விலக்கிக்கொள்ளும்படி கேட்டது. ஆறு மாதம் உலகம் அதைப் பிரமாணமாக வைத்துப் பேசிக்கொண்டிருந்தது.

இனி நம் ஊர்க் காரியம். கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் தன்னியக்கச் சோதனைச்சாலைகளுக்கு 2023-இல் அந்நாட்டு அரசு 20 கோடிக் கனடிய டாலர் கொடுத்தது. இந்திய அரசும் செயற்கை நுண்ணறிவுக்கென்று 2024 மார்ச்சில் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தை வகுத்திருக்கிறது. அதில் ஒரு பங்கு வேதியியலுக்கும் வந்து, காரைக்குடியில் ஒரு ரோபோ நின்று வேலை செய்யுமாயின் அதை முதலில் வரவேற்பவன் நானாக இருப்பேன். ஆனால் ரோபோ வரும் வரையில் காத்திருப்பதும், வரப்போகிறது என்று சொல்லி வேதியியல் வகுப்புகளை மெலியவிடுவதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள். எக்ஸ்-கதிர்ப் படத்தின் அடிக்கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாமற் போன பிறகு, 17 நாளில் 41 பொருள்களை ஒரு யந்திரம் நீட்டினால், அவற்றுள் புதியது எது, பழையது எது என்று யார் சொல்வார்கள்?

ஹாவர்போர்டு பெரிய ஆராய்ச்சி நிலையம் அன்று. இளங்கலை மாணவர் படிக்கும் கல்லூரி. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். அழகப்பா பல்கலைக்கழகத்திலும் அதைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் எம்.எஸ்ஸி. மாணவர் சமர்ப்பிக்கும் ஆய்வேட்டில், பலிக்காத பரிசோதனைகளுக்கென்று ஓர் அத்தியாயம் கட்டாயமாக்கப்பட வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு என்று விதி செய்ய வேண்டும். செய்த தேதி, அன்றைய அறை வெப்பம், காற்றின் ஈரப்பதம், புட்டியின் மேலுள்ள தொகுதி எண், குடுவையைக் கழுவிய விதம், நிறம் மாறிய நேரம், எங்கே கெட்டது என்று செய்தவர் நினைக்கிறார் என்பது ஆகியவை ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரே படிவத்தில் எழுதப்பட வேண்டும். முதல் ஆண்டுக்கு உமிச்சாம்பலையே எடுத்துக்கொள்ளலாம். புதுவயல் ஆலைகள் சிலவற்றிலிருந்து, குறுவைக்குப் பின்னும் சம்பாவுக்குப் பின்னும், ஆலைக்காரரின் சம்மதத்தோடு மாதிரிகள் எடுத்து, அமிலத்தின் செறிவையும் ஊறும் நேரத்தையும் சூட்டையும் மாற்றி மாற்றிச் சுட்டு, வெளுத்ததையும் வெளுக்காததையும் சமமாகக் குறித்துக்கொண்டு வர வேண்டும். எதை மாற்றுவது என்பதைப் பாதி மாணவர்கள் ஆசிரியரின் யோசனைப்படியும், மறு பாதி மாணவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டும் தீர்மானித்தால், 2019-இல் ஹாவர்போர்டில் கண்ட உண்மை நம் உமிக்கும் பொருந்துமா என்பது தெரிந்துவிடும். கணினித் துறை மாணவர்கள் அந்தப் படிவங்களை அட்டவணையாக்கித் தங்கள் நுண்ணறிவுக்குக் கற்பிக்கட்டும். அடுத்த ஜூனில் கல்லூரி திறக்கும்போது இதைத் தொடங்குவதற்கு வேண்டியவை ஒரு மின்னுலை, கொஞ்சம் அமிலம், ஈரப்பதமானி ஒன்று, அச்சிட்ட படிவங்கள், குனிந்து சாம்பலைப் பார்க்கத் தயங்காத இருபது மாணவர்கள்.